தைத்து மூடிய புத்தகம்

மார்ச் 3

நூலகக் கணினி இன்றும் உதட்டைப் பிதுக்கியது. "சமகாலக் கலை" என்று தட்டினால் கோபுரச் சிற்பங்கள் பற்றி நாலு புத்தகமும், வரவேற்பறையை அலங்கரிப்பது எப்படி என்று ஒன்றும் வருகின்றன. கண்காட்சிக் கையேடுகள், கலைஞர்கள் தங்கள் கையாலேயே செய்த புத்தகங்கள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். விசாரணை மேசைக்காரம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "முதுகு இல்லாத புஸ்தகமெல்லாம் அலமாரியில நிக்காது மேடம். கட்டுக் கட்டி உள்ள எங்கயாவது போட்டிருப்பாங்க."

முதுகு இல்லாதவர்கள் நாற்காலியில் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். அலமாரியில்தான் இடமில்லை போல.

மார்ச் 5

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு தையல்கார அம்மா செய்த புத்தகம். தடித்த வெள்ளைத் தாள்களை அடுக்கி நாலு பக்கமும் கறுப்பு நூலால் தைத்து மூடியது. திறக்க முடியாது. திறக்கக் கூடாது என்பதுதான் அந்தப் படைப்பே. ஒரே ஒரு கண்காட்சியில் வைத்தார், அதை நூலகத்துக்குக் கொடுத்தார், அதோடு சரி.

அதை ஊருக்கெல்லாம் சொன்னவர் என் ஆய்வு நெறியாளர். புருஷனிடம் சொல்ல முடியாததையெல்லாம் எழுதித் தைத்து மூடினாள் என்று கட்டுரை எழுதினார். மூடுவதற்கு முன் அந்தம்மா தனக்கு மட்டும் படித்துக் காட்டியதாக இரண்டு வரிகளையும் எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த இரண்டு வரியில்தான் நெறியாளர் பெயர் நிற்கிறது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலும் அதில்தான் நிற்கிறது. ஆய்வேடு முடிந்தால் பட்டம், பட்டம் வந்தால் கல்லூரியில் நிரந்தர வேலை. பையன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடத்திலிருந்து நான் ஒப்பந்த ஆசிரியை. இப்போது அவன் கண்ணாடி முன் நின்று மீசை தேடுகிறான். ஒவ்வொரு வருடமும் "இந்தத் தடவையும் கூப்பிடுவாங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்பதும், நான் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவதும்... போதும்.

மார்ச் 11

உள்ளே தேடிப் பார்க்க நூலகர் அனுமதி கொடுத்துவிட்டார். உள்ளறைச் சாவிக்காரர் விடுப்பு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே!

மார்ச் 17

கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

பழுது பார்த்த புத்தகங்களோடு இருந்தது. சிவப்பு ரெக்சின் அட்டை. முதுகில் பொன்னெழுத்து. உள்ளே நூலக முத்திரை. கறுப்பு நூலைக் காணோம். பைண்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெருமையாகவே சொன்னார்.

"கண்டபடி தச்சு வெச்சிருந்தாங்க மேடம், பக்கமே பிரியல. ஒவ்வொரு தையலா பிளேடு வெச்சு எடுத்தேன். ஒரு தாள் கிழியல பாருங்க."

"யாரு பிரிக்கச் சொன்னது உங்கள?"

"தொறக்காத புஸ்தகத்த யாரு மேடம் படிப்பாங்க?"

அட்டையைத் தடவிப் பார்த்தேன். வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தார்.

புரட்டினேன். வெறும் தாள். அடுத்ததும் வெறும் தாள். கடைசி வரைக்கும் ஒரு எழுத்து, ஒரு பென்சில் கீறல் கிடையாது. ஓரங்களில் வரிசையாக ஊசித் துளைகள் மட்டும். மை மங்கியிருக்குமோ? ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அப்புறம் அந்த இரண்டு வரி எங்கிருந்து வந்தது?

மார்ச் 18

கண்காட்சி நடத்தியவரிடம் எண்ணை வாங்கி அந்தம்மாவுக்குப் போன் செய்தேன். இத்தனை நாள் ஏன் செய்யவில்லை? "படைப்பைப் பாருங்க, படைச்சவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் நெறியாளர். என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். மடச்சி.

"உள்ள ஒண்ணும் எழுதலையேம்மா" என்றார் அந்தம்மா. "நாளெல்லாம் ஊரார் துணி. எனக்குன்னு ஏதாவது எழுதலாம்னுதான் தாள் வாங்கினேன். உக்காந்தா எழுத வரல, தைக்கத்தான் வருது. சரி, தச்சே வெப்போம், உள்ள என்ன இருக்குன்னு ஆளாளுக்கு யோசிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

நெறியாளர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன்.

"யாருன்னே தெரியலையேம்மா." பிறகு, "புத்தகம் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

மார்ச் 24

வெறும் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு போய் நெறியாளரிடம் காட்டினேன். தையல்கார அம்மா சொன்னதையும் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு டீ வரவழைத்தார்.

"பழுதுபட்ட பிரதியம்மா இது. இதை ஆதாரமா எடுக்கக் கூடாது. மூலப் பிரதி கிடைக்கலைன்னு ஒரு அடிக்குறிப்பு போட்டுடுங்க. மூணாவது இயல் அப்படியே இருக்கட்டும்."

"அந்த ரெண்டு வரி, சார்?"

"நீங்க நல்லபடியா முடிக்கணும்னு எனக்கு ஆசை. இந்த வருஷம் நியமனக் குழுவுல நானும் இருக்கேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "டீ ஆறுது பாருங்க."

குடித்தேன். எழுந்து வந்திருக்க வேண்டாமா? அந்தப் பாழாய்ப்போன டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

மார்ச் 25

இவரிடம் சொன்னேன். "ஒரு வெறும் தாளுக்காகவா வேலைய விடப்போற?" என்றார். எரிச்சல் தாங்கவில்லை. அந்த வெறும் தாள்தான்யா படைப்பே! அந்தம்மாவுக்கு எழுத ஒரு பொழுது கிடைக்காததுதான் அதில் இருக்கிறது. ஒரு ஆம்பளை அவள் வாயில் வார்த்தையைத் திணித்தான், நான் அதற்கு ஒரு முழு இயல் பொழிப்புரை எழுதினேன்.

ஏப்ரல் 2

மூன்றாம் இயலைப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். "உள்ளே ஒன்றும் எழுதப்படவில்லை" என்று தொடங்கினேன். எங்கும் நிற்காமல் ஓடியது. இத்தனை வருடத்தில் இப்படி எழுதியதே இல்லை.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து போன். அடுத்த ஆண்டு ஒப்பந்த ஆசிரியர்களில் என் பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லையாம்.

ஏப்ரல் 3

எழுதியதை அழித்துவிட்டேன்.

ஏப்ரல் 20

"மூலப் பிரதி கிடைக்கவில்லை." முழுப் பூசணிக்காயை மறைக்க இவ்வளவு சோறு போதும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 9

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு மூன்றாம் இயல்தான் மிகவும் பிடித்ததாம். அந்த இரண்டு வரியைச் சபையில் படித்தார். படிக்கும்போதே குரல் உடைந்தது. நெறியாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோரும் அதைத் தப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 10

தையல்கார அம்மாவிடமிருந்து போன். எடுக்கவில்லை.

ஜூலை 12

மறுபடியும். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 28

நிரந்தர வேலையில் முதல் மாதம். முதலாண்டுப் பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். சமகாலக் கலைக்கு ஆதாரங்கள் தேடுவது எப்படி என்று நான்தான் வகுப்பு எடுக்கிறேன். சிரிக்கலாம்.

ஒரு பெண் என் ஆய்வேட்டைப் படிக்க வேண்டும் என்றாள். "எங்கே இருக்கும் மேடம்?" விசாரணை மேசையில் குறிப்பெழுதும் சீட்டுகள் புதிதாக இருந்தன. தடித்த, வெள்ளையான சீட்டுகள்.

"சீட்டு நல்லா இருக்கே" என்றேன் மேசைக்காரம்மாவிடம்.

"ஏதோ ஒண்ணும் எழுதாத புஸ்தகமாம். உங்க சார்தான் நூலகக் கமிட்டியில கழிச்சு விடச் சொன்னாரு. தாள் நல்லாருக்கு, வீணாக்குவானேன்னு நம்ம பைண்டர் வெட்டிக் குடுத்தாரு."

ஒன்றை எடுத்தேன். ஓரத்தில் விரலுக்கு ஊசித் துளைகள் தட்டுப்பட்டன.

அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். என் ஆய்வேட்டின் அலமாரி எண்ணை அதில் எழுதி அவளிடம் கொடுத்தேன்.