'மட்டும்' என்ற ஒரு வார்த்தை

ஜூன் 4, 2025, புதன்
சேரன்மகாதேவியின் இரண்டு சீர்திருத்த சபைகளும் மறுபடி ஒன்றாவதற்கு இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் குறுக்கே நிற்கிறது. "கிறிஸ்து, தேவன் தெரிந்துகொண்டவர்களுக்காக மட்டும் மரித்தார்." தெரிந்துகொண்டவர்கள் என்றால் அவர் முன்னமே தேர்ந்தெடுத்தவர்கள். ஆராதனையில் எல்லாரும் சொல்லும் விசுவாச அறிக்கையில் இந்த 'மட்டும்' இருந்தே ஆக வேண்டும் என்கிறது மேலத்தெரு சபை. கூடாது என்கிறோம் நாங்கள். பல வருஷத்துக்கு முன் பிரிந்ததும் இதற்காகத்தான். அந்தப் பக்கத்து மூப்பர் பாக்கியசீலன், என் அக்கா கனியின் வீட்டுக்காரர். ஐக்கியக் குழுவில் எங்களுக்காகப் பேசப்போவது நான். இத்தனை வருஷம் தமிழ் டீச்சர் — ஒரு வார்த்தையை எடுக்கத் தெரியாதா எனக்கு?

ஜூன் 6, வெள்ளி
நன்றாகத் தயாராகிவிட்டேன். அத்தான் பாவம்.

ஜூன் 7, சனி
குழு கூடியது. "அந்த வார்த்தை மற்றவர்களுக்குக் கதவைச் சாத்துகிறது" என்றேன். எங்கள் மூப்பர் அருமைநாயகம் மேசையைத் தட்டி ஆமோதித்தார். அத்தான் கோபப்படவில்லை.
"கதவச் சாத்தவா? ரீபா, என் மவன் கிங்ஸ்டன் குடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல கிடக்கான். எத்தன தடவ கூட்டியாந்தேன்! அவனா திரும்புவான்னு எனக்கு நம்பிக்கையில்ல. ஆண்டவர் தெரிஞ்சுகிட்டவன விடமாட்டார்ங்கது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. அதயும் எடுத்துட்டா நான் எதப் புடிச்சிக்கிட்டு தூங்க?"
கொண்டுபோன குறிப்பை மடித்துப் பையில் வைத்தேன். இத்தன வருஷமா அவர் இதத்தான் சொன்னாரா? நான் என்னத்தக் கேட்டேன்?

ஜூன் 8, ஞாயிறு
பிரசங்கம் காதில் ஏறவில்லை. அத்தானுக்கு வேண்டியது 'மட்டும்' இல்லை; 'விடமாட்டார்'. அதை என்னால் எழுத முடியும். எழுதுவேன்.

ஜூன் 21, சனி
நான் எழுதிய வரியைக் குழுவில் வாசித்தேன்: "எல்லாரையும் அழைக்கும் கிறிஸ்து, தமக்குரியவர்களில் ஒருவரையும் கைவிடாதபடிக்கு மரித்தார்."
அருமைநாயகம் எழுந்துவிட்டார். "அத்தானுக்காக வளஞ்சிட்டியளே டீச்சர்!"
"வளையல அண்ணாச்சி. இது நமக்கும் வேணும்."
அத்தான் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். "போதும்" என்றார்.
ஓட்டெடுப்பில் நிறைவேறியது. அருமைநாயகம் குடும்பத்தோடு வேறு சபைக்குப் போகிறாராம். வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக வரியை மாற்றமாட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு
முதல் கூட்டு ஆராதனை. எல்லாரும் எழுந்து நின்று அறிக்கையைச் சொன்னோம். அந்த வரியில் என் குரல்தான் ஓங்கியிருந்தது என்று அக்கா சிரித்தாள்.
மதியம் அவள் வீட்டில் சாப்பாடு. கிங்ஸ்டன் இருந்தான். வெள்ளிக்கிழமை அத்தான் மறுபடியும் போய்க் கூட்டிவந்தாராம். குளித்து, சட்டை மாற்றி, அவனே கறிக்குழம்பு பரிமாறினான். கை நடுங்கி என் சேலையில் கொட்டிவிட்டது. அக்கா துணியோடு ஓடிவந்தாள்.
"இன்னும் ஒரு கரண்டி ஊத்துலே" என்றேன்.