இவ்ளோ உசரம் போதுங்களா

மச்சான்,

கடுக்காய் வந்திருக்கிறது. ஜவுளிக்கடைப் பையில் பாதிக்கு இருக்கும். பிரித்து வைத்ததும் காய்ந்த சருகும் மண்ணும் கலந்த அந்த வாசனை அறை முழுக்க ஏறிவிட்டது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, மறுபடியும் மேடையா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். இப்போதெல்லாம் நான் பெரும்பாலும் தலைதான் ஆட்டுகிறேன். ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் சேர்ந்து மேடையேறிய காலமெல்லாம் இதை நீதான் மலையிலிருந்து கொண்டுவருவாய். கொட்டையை எடுத்து எறிந்துவிட்டு, தோலில் ஒரு துண்டை உடைத்து என் கையில் வைப்பாய். "வாயில அடக்கிக்கோ மச்சான், தொண்ட தொறக்கும்." அந்தத் துவர்ப்பில் கண்ணை மூடிக்கொண்டு என் மூஞ்சி கோணுகிற கோணலைப் பார்த்து நீ சிரிப்பதுதான் அன்றைக்கு முதல் சிரிப்பு. அப்புறம் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் நாலு பாட்டு முடித்து மூச்சு வாங்கும்போது, நடுவில் காமெடி பண்ண நம்மை உள்ளே தள்ளுவார்கள். நான் கள்ளக்குறிச்சி டவுனில் பிறந்து மிமிக்ரி பழகினவன். நீ வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம், பஸ் நின்ற இடத்திலிருந்து நடக்க வேண்டிய ஊர்க்காரன். எனக்கு யார் யார் குரலோ வரும். உனக்கு உன் குரல் ஒன்றுதான். ஆனால் கைதட்டல் என்னவோ உனக்குத்தான் ஜாஸ்தி. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது என்று இப்போது சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது?

அந்தச் சான்றிதழ் ஐட்டம் நினைவிருக்கிறதா? நான் மேசைக்குப் பின்னால் அதிகாரி. நீ சாதிச் சான்றிதழ் கேட்டு வந்த மலைக்காரன். எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் நான் உதட்டைப் பிதுக்குவேன். "நீ மலைக்காரன்தான்னு நான் எப்படிய்யா நம்பறது?" நீ தலையைச் சொறிவாய். சுற்றுமுற்றும் பார்ப்பாய். கிடுகிடுவென்று ஸ்பீக்கர் பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டு, எதிர்க்கொல்லையில் நிற்பவனைக் கூப்பிடுகிற அந்த இழுவையில் கேட்பாய்: "சார், இவ்ளோ உசரம் போதுங்களா, இன்னும் ஏறணுங்களா?" கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அது அடங்கும்வரை காத்திருந்து, குனிந்து என்னைப் பார்த்து மெதுவாகச் சொல்வாய்: "இங்கேர்ந்து பாத்தா நீங்கதான் சார் ரொம்ப சின்னதா தெரியறீங்க." அப்போது எழுகிற சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். வேஷம்தான் என்றாலும் எனக்கே சுருக்கென்று குத்தும்.

உன் தங்கச்சிக்கு அந்தக் காகிதம் கைக்கு வரத் தாமதமாகி, நர்சிங் சீட்டு போய்விட்டதை வேனில் வரும்போது ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். "அதுக்கு அழுது இன்னா பண்றது? அதான் ஏறிக்கினு நாக்கப் புடுங்கறமாரி கேக்கறேன்ல" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தாய்.

பெட்டிமேல் நிற்கும்போது உன் கண் கூட்டத்தின் கழுத்துகள் மேலேயே இருக்கும். அதை எனக்கும் சொல்லித் தந்தாய். "சிரிக்கறவன் யாரப் பாத்து சிரிக்கறான்னு பாரு மச்சான். ஆபீசரப் பாத்தா நடத்து. என்னப் பாத்தாலும் பரவால்ல. வேற எங்கனா கழுத்து திரும்புச்சின்னா எறங்கிடு." சின்னசேலம் பக்கத்தில் ஒருமுறை பாதியிலேயே இறங்கி வேறு கதைக்குத் தாவிவிட்டாய். கரும்பு வெட்ட வந்திருந்த மலைச்சனம் ஓரமாக உட்கார்ந்திருந்ததாம். ஒன்றிரண்டு பேர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்களாம். நான் அதைக் கவனிக்கவே இல்லை. நல்லா போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டாயே என்று உன்னிடம் சண்டைதான் போட்டேன்.

மார்வலி என்று சொன்ன அன்றே நீ போய்விட்டாய். காரியத்துக்கு மலைக்கு வந்தபோது உன் மகள் பவித்ரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. "மாமா, அப்பா மாதிரி ஒரு வாட்டி பேசுங்க" என்றாள். பேசினேன். அந்த இழுவை, நடுவில் வருகிற கனைப்பு, எல்லாம் அப்படியே வந்துவிட்டது. உள்ளேயிருந்து உன் மனைவி ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தக் குரலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மேடைக்குக் கொண்டுபோனேன். அதிகாரியும் நானே, மலைக்காரனும் நானே. சனம் கைதட்டும்போதெல்லாம் உன்னை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டோம் என்று இருக்கும். ஒரே ஒரு கோளாறு. உன் குரல் வரவேண்டுமானால் நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திறந்தால் நழுவிவிடும்.

சங்கராபுரம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அப்படித்தான் பெட்டிமேல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு உன் வரியைச் சொன்னேன். யாரோ மேடைக்குப் பக்கவாட்டிலிருந்து போனில் எடுத்திருக்கிறார்கள். மறுநாள் மாவட்டம் முழுக்க அதுதான் ஓடியது. அதிகாரி சின்னதாகத் தெரிகிற வரி அதில் கிடையாது. நான் ஏறுகிறேன், உயரம் போதுமா என்று கேட்கிறேன், சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது மச்சான். முன்வரிசைக்காரர்கள் கழுத்தைத் திருப்பி, ஓரத்தில் உட்கார்ந்திருந்த மலைப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதில் ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தலையைக் குனிகிறாள். மேலே நான் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டலை வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

மலை இளைஞர்கள் மனு கொடுத்தார்கள். மன்னிப்பு கேட்காமல் எந்த மேடையிலும் ஏறவிட மாட்டோம் என்றார்கள். ஆர்கெஸ்ட்ரா ஓனர் வீட்டுக்கே வந்து, கேட்டுத் தொலைத்துவிடு, இல்லாவிட்டால் சித்திரை மாதத்துத் திருவிழா ஒன்றுகூட நமக்கு வராது என்று கெஞ்சினார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முழுசாகப் பார்க்காமல் தீர்ப்பா? சிரிக்கவைக்கிறவன் ஒவ்வொரு வரிக்கும் கைகட்டி நிற்க ஆரம்பித்தால் அப்புறம் எதைத்தான் பேசுவது? இது உங்கள் ஆள் போட்ட வரிதாண்டா என்று மைக் பிடித்துக் கத்தவேண்டும் போலிருந்தது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முன்பின் தெரியாத ஓர் ஆள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். "நீ மன்னிப்பு கேக்காதண்ணே. காமெடிய காமெடியா பாக்கத் தெரியாதவனுங்க. கீழ எறங்கி நாலு எழுத்து படிச்சிட்டதும் இவனுங்களுக்கு ரோஷம் பொத்துக்கினு வருது." கூட நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். எனக்காகப் பேச வந்தவர்கள் இவர்கள்தான் மச்சான், வேறு ஒருத்தரும் இல்லை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பவித்ரா போன் பண்ணினாள். இங்கேதான் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள். காலேஜ் வாசலில் ஒரு புங்கமரம் இருக்கிறதாம். அதைக் காட்டி, ஏறிக் காட்டு, உயரம் போதுமா என்று நாங்கள் சொல்கிறோம் என்று பையன்கள் கேட்டார்களாம். நான் அவசர அவசரமாக, முழு ஐட்டமும் உனக்குத்தான் தெரியுமே, அப்பாவோடதுதானே அது என்றேன்.

"தெரியும் மாமா. அப்பா ஏறினா அது அப்பா. நீங்க ஏறினா அது நாங்க எல்லாரும்."

அவளே மேற்கொண்டு சொன்னாள். "மன்னிப்பு கேட்டுடுங்க மாமா. அப்பா பேர மட்டும் சொல்லாதீங்க. அம்மா அந்த ஊர்லதான இருந்தாகணும்."

அவள் சொல்வது சரிதான். உன் பேரைச் சொன்னால், கீழ்நாட்டான் கைதட்டலுக்குச் சொந்த சனத்தையே விற்றவன் என்று உன்னைத்தான் சொல்வார்கள். செத்தவன் திரும்பி வந்து எதையும் விளக்க முடியாது. என் பக்கத்து நியாயம் என்று என்னிடம் இருந்ததே நீ ஒருத்தன்தான். உன்னை வெளியே எடுக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. மன்னிப்பு கேட்டால் உன் தங்கச்சிக்காக நீ கேட்ட கேள்வியையே தப்பு என்று நான் ஒத்துக்கொண்டதாக ஆகும். கேட்காவிட்டால் அந்த டீக்கடைக்காரர்களோடு நிற்கவேண்டும், பவித்ரா தினமும் அந்தப் புங்கமரத்தைத் தாண்டி நடக்கவேண்டும்.

கேட்டேன். ஓனர்தான் போனைப் பிடித்தார். முதல் தடவை எடுத்ததைப் பார்த்துவிட்டு, அழுகிற மாதிரி பண்ணாதே, நடிப்பு என்பார்கள் என்றார். அடுத்து எடுத்ததைப் பார்த்து, இது யாரோ சினிமாக்காரர் குரல் மாதிரி இருக்கிறது, சாதாரணமா உன் குரலில் பேசேன்யா என்று எரிந்து விழுந்தார். இத்தனை வருஷமாக மேடையில் எல்லோரையும் பேசிவிட்டேன். என் சாதாரணக் குரல் எது என்று தேட வேண்டியதாகிவிட்டது. கடைசியில் ஏதோ ஒன்று வந்தது. மனசு நோகடித்ததற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். மனுவில் கேட்டிருந்தபடி, இனிமேல் மலைச்சனத்தின் பேச்சை எங்கேயும் பேசமாட்டேன் என்றும் சொன்னேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. மலைப்பேச்சு என்று எனக்குத் தெரிந்ததே நீ பேசியதுதான்.

மன்னிப்பு கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிய அந்தப் பெண்ணுக்கு அது சேரவேண்டியது. கலைஞனாவது கத்தரிக்காயாவது, நோகடித்தால் கேட்கத்தான் வேண்டும். உன்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அதற்குப் பிறகு மரத்தடியில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்று பவித்ரா சொன்னாள். ஓனருக்கும் தேதிகள் வந்துவிட்டன. எல்லாருக்கும் முடிந்துபோனது. எனக்கு மட்டும் எதிர்பாராத நேரத்தில் நீ தொண்டைக்கு வருகிறாய். காய்கறிக்காரன் விலை சொல்லும்போது வருகிறாய், பேரனைத் தூக்கும்போது வருகிறாய். விழுங்கிக்கொள்கிறேன்.

இன்று காலை பவித்ரா லீவு முடிந்து கச்சிராயபாளையம் வழி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஹாஸ்டலுக்கு ஷேர் ஆட்டோ ஏற்றிவிடப் போயிருந்தேன். இந்தப் பையை என் கையில் கொடுத்து, "அம்மா குடுத்தனுப்பிச்சாங்க மாமா. தொண்டைக்கு" என்றாள். என்ன செய்வது என்று தெரியாமல், பழைய பழக்கத்தில் ஒன்றை உடைத்து, கொட்டையை எறிந்துவிட்டு, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். துவர்ப்பில் கண் தானாக மூடிக்கொண்டது. மூடியதும் நீ வந்துவிட்டாய். 'பாத்துப் போ கண்ணு' என்று அதே இழுவை, அதே கனைப்பு, நாக்கு நுனிவரை வந்து நின்றாய்.

"எம்மேல கோவமா மாமா? எதுனா பேசுங்க" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டோ திரும்புகிறவரை கையையும் ஆட்டினேன். மன்னிப்பு கேட்கச் சொன்னதில் மாமாவுக்குக் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டே உன் பிள்ளை போகிறாள். நீ பல்லுக்கு இந்தப் பக்கம், என் வாய்க்குள்ளேயே நிற்கிறாய்.