என் காலுக்கு நீ போட்ட உத்தரவு

நல்லம்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை

மகன் மாதவராஜுக்கு அம்மா எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன், காலும் இருக்கிறது. மெல்போர்னில் நீயும் மருமகளும் பேரனும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது உன்னால் குறுக்கே பேச முடியாது.

அந்த வாரம் என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. கடலைக் கொல்லையில் வலது காலில் ஏதோ குத்தியிருக்கிறது, சர்க்கரை வந்து மரத்துப்போன கால், எனக்கு உறைக்கவே இல்லை. செருப்பில் ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன், அது என் தப்பு. ஏன் மறைத்தேன் தெரியுமா, கொல்லைக்கு எதற்குப் போனாய் என்று நீ ஒரு மணி நேரம் கத்துவாயே, அதற்குப் பயந்து. நீ ஏஜென்சியில் சொல்லி ஏற்பாடு செய்த நர்ஸ் எழிலரசி, காலையில் சர்க்கரை பார்க்க வந்தவள், வாடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, சிவந்திருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். இன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று உனக்கும் போன் செய்தாள். நீ என்ன செய்தாய், போட்டோ அனுப்பச் சொன்னாய், அங்கே உன் சிநேகிதன் எவனோ பார்த்து ஒரு மாத்திரை சொன்னான், அதைக் கொடுங்கள் போதும் என்றாய். வாடையைப் போட்டோவில் அனுப்ப முடியுமா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. காய்ச்சலில் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. சர்க்கரை நானூற்றுக்கு மேல். அவள் மறுபடி உனக்குப் போன் போட்டு, "சார், இப்பவே அட்மிட் பண்ணியாகணும், லேட் பண்ணா காலுக்கே ஆபத்துங்க" என்றாள். ஸ்பீக்கரில் நீ சொன்னதைக் கட்டிலில் கிடந்து நானும் கேட்டேன். "திங்கக்கெழம பெங்களூர்ல நான் ஏற்பாடு பண்றேன், அதுவரைக்கும் சொன்னத மட்டும் செய்ங்க, முடிவெடுக்க உங்கள வெக்கல" என்றாய். அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

அவள் போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, இது உங்க காலு. உங்க பையன் சொன்னதயும் கேட்டீங்க, நான் சொன்னதயும் கேட்டீங்க. உங்களுக்கு என்ன பண்ணணும்னு தோணுது, சொல்லுங்க" என்றாள். எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது, இந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. வண்டியைக் கூப்பிடு கண்ணு என்றேன். நூற்றெட்டு வந்தது, தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு கால்விரலை எடுக்க வேண்டும், யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார்கள். என் கால், நானே போடுகிறேன் என்று பேனாவை வாங்கிப் போட்டேன். "இன்னும் ஒரு நாள் வூட்லயே கெடந்திருந்தா முழங்காலுக்குக் கீழ எடுத்திருப்போம்மா" என்று அந்த டாக்டர் சொன்னார். உன் திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

நான் ஆபரேஷன் அறையில் இருந்த நேரத்தில் நீ செய்த காரியத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. ஏஜென்சிக்குப் போன் செய்து அந்தப் பெண்ணை நம் வீட்டு வேலையிலிருந்து நிறுத்த வைத்தாய். குடும்பத்தார் பேச்சை மீறியவள் என்று அவள் பெயருக்கு நேரே எழுதி வைத்துவிட்டார்கள், மூன்று வீட்டில் அதைப் பார்த்தே வேண்டாம் என்றுவிட்டார்களாம். அப்படியும் அவள் கம்பைநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வார்டுக்கு வந்தாள், கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைத் தினமும் எப்படிப் பார்ப்பது என்று பழக்கினாள். உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

போன வாரம் கட்டுப் போட்ட காலோடு ஆட்டோவில் ஏஜென்சிக்கே போய் அதை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். "புக் பண்ணது உங்க பையன், அவர் எழுதிக் குடுத்தாத்தான் மாத்த முடியுங்க" என்றார் மேனேஜர். புண் எனக்கு, பேச்சு உனக்கு. அதனால் நீ எழுது. அவள் செய்தது சரி, அவளால்தான் என் அம்மாவுக்குக் கால் இருக்கிறது என்று எழுதி உன் பெயரைப் போடு. பிறகு அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேள். அது நடக்கும் வரை நீ கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன். இனி என் உடம்புக்கு எதுவென்றாலும் என்னைக் கேட்டுத்தான். எனக்கு நினைவு தப்பிப்போனால், பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள் சொல்வதைக் கேள்.

மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, பெற்றுத் தொலைத்துவிட்டேனே. ஒன்று மட்டும் மறக்காதே. உன் அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது, தை பிறந்தால் உனக்கும் அந்த வயதுதான். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பார். அங்கே நர்ஸ் ஏதாவது சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சென்னம்மாள்