நானும் தலையாட்டினேன்

2009 மே 19, செவ்வாய்

இன்றைக்கும் லீவு கேட்கவில்லை. ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். முள்ளிவாய்க்காலில் நின்ற மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் வேலைக்குப் போனால் அம்மா தனியேதான் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

நான் வேலை செய்யும் ஜப்பானியச் சுஷிக் கடையின் முதலாளி கொரியர். மத்தியானம் சாப்பிட வந்த ஒருவர் அவரிடம், “ஜப்பான்காரரும் நீங்களும் ஒரே மூதாதையரின் பிள்ளைகள்தானே?” என்றார். முதலாளி சிரித்துத் தலையாட்டினார். அந்த ஆள் போனதும் கத்தியைத் தூக்கி எறிந்தார்.

“உண்மையாவே இருக்கட்டும்! இதைச் சொல்லித்தானே ஜப்பான்காரர் எங்கட நாட்டைப் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். என்ர அப்பாவின்ர பேரையே மாத்தினவங்கள்.”

இவருக்கு விளங்கும் என்று நினைத்தேன். “நாளைக்கு எனக்கு... எங்கட நாட்டுச் சண்டை...” என்று தொடங்கினேன்.

“முடிஞ்சுதாமே, நல்லது! நீங்களும் சிங்களவரும் ஒரே ஆக்கள்தானே. இனி ஒற்றுமையா இருக்கலாம்.”

நானும் சிரித்துத் தலையாட்டினேன். பிறகு அரிசியைக் கழுவினேன், தண்ணீர் தெளிந்த பிறகும்.

வீட்டுக்கு வந்ததும், “லீவு கேட்டனியோ பிள்ளை?” என்று அம்மா கேட்டார்.

“கேட்டனான். தரமாட்டாராம்.”

“நெஞ்சில ஈரமில்லாதவன்” என்று அம்மா அவரைத் திட்டினார். இப்போதும் அம்மா போனடியில்தான் இருக்கிறார். நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு வேலை.