உப்பை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை

செல்வி அப்பாவுக்கு, எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடுங்கள்.

முதலில் நல்ல செய்தி. பெரிய பேரன் விழுப்புரத்தில் வக்கீலாகிவிட்டான். கறுப்புக் கோட்டு தோளில் ஒரு விரல் பெரிசு, ஆனாலும் ராஜா மாதிரி இருக்கிறான். சின்னப் பேத்தி கோ-கோ விளையாட்டில் மாவட்டத்துக்கே முதலாக வந்தாள். நம்ம பெரிய பேத்தி நிலா, நீங்கள் திண்டிவனத்தில் இருந்துகொண்டு தண்ணீர் வேலை பார்த்தீர்களே, அதே வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள். ஒரு நாட்டில் கற்றுக்கொண்டதை இன்னொரு நாட்டு ஆபீசும் தெரிந்துகொள்ளும்படி கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கிற பிரிவாம். ஐந்தாவது படித்த எனக்கு அவ்வளவுதான் புரிந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் நீங்களும் இருந்தீர்கள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் போர் போட்டுத் திறந்த அன்று அடிபம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே, அந்தப் படம். மேலே ‘வெற்றிக் கதை’ என்று போட்டிருந்தது. தெருவில் நான் காட்டாத வீடு இல்லை.

போன வியாழக்கிழமை நிலா போன் செய்தாள். “ஆயா, தாத்தா கதைய வச்சிதான் அதே எடத்துல பெரிய போர் போடப் போறாங்க! திங்கக்கிழம வண்டி வருது.”

அடுப்பில் பால் பொங்குது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

இரண்டாவது கோடையிலேயே அந்தத் தண்ணீர் உப்பாகிவிட்டதே! பருப்பு வேகவில்லை என்று ஒரு அம்மா சொம்பை நீட்டி, “குடிச்சிப் பாருய்யா உங்க தண்ணிய” என்றாளாம். அன்று நான் வைத்த குழம்பை நீங்கள் தொடவில்லை. என்னிடம் சொன்னீர்கள், ஆபீசுக்கு ஏன் சொல்லவில்லை? அவர்கள் கொடுத்த தாளில் வெற்றியை எழுதத்தான் கட்டம் இருந்தது என்றீர்கள். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருந்தது? வேலை போய்விடும் என்று பயந்தீர்களா?

நானும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் உங்கள் படம் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்கள் மறுபடியும் சொம்பை நீட்டுவார்கள், இந்த முறை நிலாவிடம்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன்.

“இத்தன நாளா ஏன் ஆயா சொல்லல?”

“யாருடி கேட்டீங்க? போட்டோ எடுத்துகினு போனவங்க ஒருத்தரும் திரும்பி வர்ல.”

“தாத்தா பொய் எழுதினாரா?”

“எழுதினப்ப நல்ல தண்ணிதான். அப்பறம் உப்பானத எழுதல. அது தப்புதான்.”

நீங்கள் செய்ததைத் தப்பு என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கோபமா?

திங்கட்கிழமை வண்டியைத் திண்டிவனத்திலேயே நிறுத்திவிட்டார்கள். நிலா போய்ப் பழைய போர்த் தண்ணீரைச் சோதித்தாள். உப்பேதான். சொம்பை நீட்டிய அந்த அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம். “உங்க தாத்தாவா? மூஞ்சி சுளிக்காம சொம்பு முழுக்கக் குடிச்சாரே” என்றாளாம். சாயங்காலமே கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் படத்தை எடுத்துவிட்டார்கள். நிலா போனில் அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சோறு சாப்பிடும்போது நீங்கள் சொன்ன ஊர்களையெல்லாம், கெட்டதையும் விடாமல், ஞாயிறுதோறும் அவளுக்குச் சொல்வேன். அவள் எழுதிச் சேர்த்து வைப்பாள்.

நிலா, நீயும் இதைப் படிப்பாய்தானே? துருப்பிடித்த அந்தப் பம்பைப் புதுசாகப் படம் பிடி. ‘இங்கே உப்பு, போர் போடாதீர்கள்’ என்று எழுது. கீழே தாத்தா பேரைப் போடு. பழைய படம் இருந்த அதே இடத்தில், ஜல்தியாகப் போடுடி.

இப்படிக்கு,
உங்கள் செல்வியின் அம்மா