கோட்டை வாசலில் ஷூ

பிப்ரவரி 8, சனி. பிளெய்ன்ஸ்பரோ, அமெரிக்கா.

இன்று எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில் என் நாவலின் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். இடைக்கால ஸ்காட்லாந்தில் குதிரைக்காரன் மகன் ஒருவன் பிரபுவாக உயரும் கதை. அவன் முதன்முதலாகக் கோட்டைக்குள் நுழையும் இடத்தில் மூர்த்தி அங்கிள் சிரித்துவிட்டார்.

"ஏம்ப்பா, அந்தப் பனியில ஷூவை வாசல்லயே கழட்டிட்டா உள்ள போவான்? கொஞ்சம் ரிசர்ச் பண்ணக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஆனால் சிரித்த அத்தனை பேரின் ஷூவும் வட்டம் கூடிய அபார்ட்மென்ட் வாசலில்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்து அந்த வரியை அடித்து நீக்கப் போனேன். அடிக்கவில்லை. அவன் வெறுங்காலோடுதான் போவான். கடைசி அத்தியாயத்தில் அந்தக் கோட்டை அவனுடையதாகும். அன்றைக்கு அரசனே வந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.