அத்தானின் எஞ்சினும் புகையின் விலையும்

என் வாய்க்கு ஈடுகொடுத்துப் பேசிய ஒரே மனிதரான அத்தானுக்கு,

முதலில் நல்ல சேதி. உங்கள் கப்பலை விற்கவில்லை. அக்கா இன்னமும் அதில்தான் சமைக்கிறார்.

அக்கா கப்பலிலா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஓம், அதே அக்காதான். நீங்கள் பயணம் முடிந்து வந்தால் டீசல் மணக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசலிலேயே ஜாக்கெட்டைக் கழற்ற வைத்த உங்கள் மனைவிதான். இரண்டு பயணங்களுக்கு நடுவே, அம்மருட்டில் உங்கள் வீட்டிலேயே, மாரடைப்பு என்று சொல்லாமல் கொள்ளாமல் போனீர்களே, அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை. முதியோர் இல்லச் சமையலறை வேலையை விட்டுவிட்டு, கப்பலில் சமையல்காரர் இடம் காலியானதும் விண்ணப்பித்துவிட்டார். அந்தக் கப்பல் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை செய்யும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடல் ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு இது என்ன விளையாட்டு என்று சண்டை பிடித்தேன். அதற்கு அவர் சொன்னதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

“வீட்டிலை ஒரு சத்தமும் இல்லையடி. அங்கை அவரின்ரை எஞ்சின் எண்டாலும் கதைக்கும்.”

எந்த எஞ்சின் என்று உங்களுக்குத் தெரியும். கப்பல் கரையில் நிற்கும்போது விளக்குக்கும் அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் மின்சாரம் தர, இரவு பகலாக ஓடுமே அந்தச் சின்ன எஞ்சின். கப்பலின் எஞ்சின்காரராக வருடக்கணக்காக நீங்கள் எண்ணெய் விட்டு, திட்டி, தடவிக் கொடுத்தது. சமையல்காரரின் அறை அதற்கு நேர் மேலே. அதன் கடகடப்பில்தான் அக்காவுக்கு நித்திரை வந்தது. சனிக்கிழமைகளில் கப்பல் வழக்கப்படி பால்கஞ்சி காய்ச்சி, அதில் ஏலக்காய் போட்டு, நோர்வேக்காரக் கப்டனையும் கெடுத்து வைத்திருந்தார். அக்கா மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கியதும் அங்கேதான்.

அந்த நேரம் பார்த்து இந்தப் புகைக்கதை வந்தது.

உங்கள் காலத்தில் இது பெரிய கப்பல்களின் தலைவலியாக இருந்தது. எல்லோருமாகச் சேர்ந்து வருடத்துக்கு இவ்வளவு புகைதான் விடலாம் என்று ஓர் எல்லை போடுகிறார்கள். அதற்குள் விடும் புகைக்கு அனுமதி வாங்க வேண்டும். குறைவாக விடுகிறவர் மிஞ்சிய அனுமதியை விற்கலாம். எல்லை வருடாவருடம் சுருங்கும். இனி நாட்டுக்குள்ளேயே துறைமுகம் துறைமுகமாகச் சாமான் ஏற்றி இறக்கும் எங்களைப் போன்ற சின்னக் கப்பல்களையும் இதற்குள் கொண்டுவர வேண்டும் என்று பேச்சு எழுந்தது. இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் எங்கள் முதலாளி ஐவினுக்குப் பேச்சே போதுமாயிருந்தது. கப்பலை விற்றுவிட்டுச் சாமானை லொறியில் அனுப்பலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊர் முழுக்கப் புகை விடுகிறது, இளிச்சவாயன் தலையில்தானா மிளகாய் அரைப்பார்கள் என்று தேநீர் நேரத்தில் கத்தினேன். கப்பல் போனால் அக்கா திரும்பவும் அந்தச் சத்தமில்லாத வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். எனக்கு இருந்த பயம் அதுதான் அத்தான். பூமியைக் காப்பாற்றும் எண்ணம் அப்போது எனக்கு இருந்ததென்று சொன்னால் அது பச்சைப் பொய்.

கப்பல் எங்கே எவ்வளவு எரிக்கிறது என்று பார்க்கும் வேலை என்னிடம்தான் வந்தது. பார்த்தால், கரையில் சும்மா நின்றுகொண்டே நல்ல பங்கை எரித்திருக்கிறது. ஓடுகிற கப்பல் புகை விட்டால் நியாயம். நிற்கிற கப்பலுக்கு என்ன கேடு? கரையிலிருந்து கேபிள் இழுக்கலாம், பற்றரி வைக்கலாம் என்று நீங்களே ஐவினிடம் சொல்லியிருக்கிறீர்கள். டீசல்தான் மலிவு என்று ஒவ்வொரு தடவையும் அவர் தட்டிக் கழித்தார். அவர் சொன்னதும் சரிதான். புகை இனாமாக இருக்கும்வரை டீசல் மலிவாகத்தானே இருக்கும்?

அங்கேதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நான் திட்டித் தீர்த்த அந்தப் புகை விலைதான் முதல் தடவையாக உங்கள் பக்கம் பேசியது. ஐவினிடம் போய், லொறியில் ஏற்றினால் புகை காணாமல் போய்விடுமா, கடலில் போனது றோட்டில் போகும், அவ்வளவுதானே என்று கேட்டேன். லொறிப் புகையையும் நெடுநாளைக்குச் சும்மா விடமாட்டார்கள் என்றும் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார். மீன்தீவனம் அனுப்பும் எங்கள் பெரிய வாடிக்கைக்காரர்களோ, புகை குறைந்த கப்பல் என்றால் நீண்ட ஒப்பந்தம் போடுவோம் என்றார்கள். கடைசியில் கப்பல் விற்பனைக்குப் போகாமல், பற்றரி பூட்டப் பட்டறைக்குப் போனது.

வெற்றி என்று நான் துள்ளிக்கொண்டிருக்கையில், பட்டறைப் பொறியியலாளர் ஒரு வார்த்தை சொன்னார். அந்தச் சின்ன எஞ்சின் இனி அவசரத்துக்கு மட்டும்தானாம். அக்காவுக்காகக் கப்பலைக் காப்பாற்றப் போய், அக்கா எதற்காகக் கப்பலுக்குப் போனாரோ அதன் வாயையே அடைத்துவிட்டேனே.

அன்று பின்னேரமே அம்மருட்டுக்குப் போய்ச் சொன்னேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே திரும்ப மடித்தார்.

“அப்ப கப்பல் இருக்கும்தானே?”

“ஓம் அக்கா, இருக்கும்.”

“அப்ப சரி” என்று எழுந்து போய்த் தேநீர் போட்டார். அதில் சீனி இல்லை. நானும் கேட்காமல் குடித்தேன்.

இனி நீங்கள் சிரிக்க வேண்டிய இடம். திருத்தி முடித்த கப்பல் புறப்படும் நாள், சாமி கும்பிடாமல் வெளிக்கிடக் கூடாது என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். துறைமுகக் கல்லில் தேங்காய் உடைத்தாயிற்று. சில்லில்லாத வாகனத்துக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்ற குழப்பம் வந்து, கடைசியில் ஏறுபாலத்தின் உருளைக்குக் கீழே வைத்து நசித்தோம். அத்தோடு விட்டிருக்கலாம். அக்கா சமையலறைக்குள் போய், அங்கிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினார். முன்பு இதே கப்பலில் நீங்கள் மீன் பொரிக்கும்போது புகைமணியின் மேல் கையுறையை மாட்டிவிடுவீர்களாமே, அதேபோல அக்காவும் ஒன்றை மாட்டியிருந்தார். பற்றரி உள்ள கப்பலின் புகைமணி அப்படி ஏமாறுகிற சாதியில்லை. கப்பல் முழுக்க அலறியது. கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டன. கேக்கோடு வந்திருந்த வாடிக்கைக்காரர்கள் உட்பட எல்லோரும் கரையில் வரிசையாக நின்றோம். கையில் கற்பூரத்தட்டோடு அக்கா கடைசியாக இறங்கினார். ஐவின் முகம் சிவந்திருந்தது. கப்டன் தட்டைப் பார்த்து, இந்தப் புகைக்கும் அனுமதி வாங்க வேண்டுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். முதலில் சிரித்தது அக்காதான். பிறகு ஐவினும்.

அன்று கப்பல் பற்றரியில் கரையை விட்டுப் போனபோது தண்ணீர் சலசலத்தது மட்டும்தான் கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. ஆனால் சத்தமில்லாத அறையில் அக்காவுக்கு எப்படி நித்திரை வரும் என்று நினைத்தபடி, கப்பல் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை, வழியிலிருந்த முதலாவது துறைமுகத்திலிருந்து அக்கா தொலைபேசி எடுத்தார்.

“சத்தமில்லாமல் நித்திரை வராதெண்டு நினைச்சுப் படுத்தன். விடியும்வரை அடிச்சுப் போட்டமாதிரி நித்திரை. எழும்பித்தான் அழுதனான். அவரில்லாமலும் நித்திரை வருதேயெண்டு.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் அத்தான்? நீங்களாக இருந்தால் ஏதாவது பகிடி விட்டிருப்பீர்கள். நான், கஞ்சி காய்ச்சிவிட்டீர்களா என்று கேட்டேன். காய்ச்சுகிறேன் என்றார். வீட்டுக்கு வந்தாலும் இப்போது அவர் முன்போல் முடங்கிக் கிடப்பதில்லை. யன்னல் திரைகளை மாற்றியிருக்கிறார். விருந்தாளிகளையும் கூப்பிடுகிறார்.

பாதையில் ஒரே ஒரு துறைமுகம் மட்டும் பாக்கி. வடக்கே, சின்ன இடம். கரை மின்சாரம் இல்லை. பற்றரி தீர்ந்தால் அங்கே உங்கள் எஞ்சினைத்தான் ஓடவிட வேண்டியிருக்கிறது. அந்த ஊராட்சிக்கு எழுதி, கேபிள் கேட்கிறோம் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“எழுது. எழுதத்தான் வேணும். ஆனால் கனக்க அவசரப்படுத்தாதை. அங்கை கொஞ்ச நாளைக்கு அவர் கதைக்கட்டும்.”

எழுதிவிட்டேன் அத்தான். விடமாட்டேன், திரும்பத் திரும்பக் கேட்பேன், என் வாயைத் தாங்காமலாவது தருவார்கள். அந்தக் கேபிளை மாட்டும் நாளில் நான் அங்கே அக்காவுக்குப் பக்கத்தில் நிற்பேன். எஞ்சினை நிறுத்தும்போது அவர் கை என் கைக்குள் இருக்கும். இது சத்தியம்.

உங்களோடு இன்னும் சண்டை முடியாத,
உங்கள் மச்சாள்